கதவும் காவலும்: வாசகர் கேள்வி – பதில்

பணியிடங்களின் கதவு, பூட்டு, நுழைவு அட்டை, கைரேகைக் கருவி ஆகியவை குறித்துச் சேலம் நகரிலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வாசகர்கள் எழுதி அனுப்பிய கேள்விகளுக்கு, இச்சாதனங்களைப் பொருத்தும் பணியில் உள்ள சேலத்துப் பொறியாளர் ஒருவர் இங்கே பதிலளிக்கிறார். கேட்டவர்களின் பெயர்களை அவர்களுடைய பாதுகாப்புக் கருதி வெளியிடவில்லை.

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வீட்டு மாடியில் கொலுசுப் பட்டறை நடத்துகிறோம். பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள். வெள்ளி வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக, வேலை நேரத்தில் மாடிப்படியின் மேலே உள்ள இரும்பு கேட்டை வெளியிலிருந்து பூட்டிச் சாவியைக் கீழே கடையில் இருக்கும் என் மாமாவிடம் கொடுத்துவைப்பது அப்பா காலத்திலிருந்தே வழக்கம். புதிதாகச் சேர்ந்த ஒருவர் இது ஆபத்து என்கிறார். பூட்டாமல் விட்டால் வெள்ளிக்கு என்ன பாதுகாப்பு, ஐயா?
– கொலுசுப் பட்டறை உரிமையாளர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: புதிதாக வந்தவர் சொல்வதே சரி. அந்தப் பூட்டை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். மாற்று ஏற்பாடு முடிந்த பிறகு எடுக்கலாம் என்று ஒத்திப்போடாதீர்கள். பற்றவைப்பதற்கான எரிவாயு உருளையும், மெருகிடும் அமிலமும், பதினான்கு பேரும் ஒரே தளத்தில் இருக்க, அங்கிருந்து வெளியேறும் ஒரே வழியின் சாவி கீழ்த்தளத்தில் இருக்குமானால், தீப்பிடித்த முதல் இரண்டு நிமிடங்களில் அவர்கள் பிழைப்பது உங்கள் மாமா அப்போது கடையில் இருக்கிறாரா, சாவியை எங்கே வைத்தார், புகை நிறைந்த படியில் அவரால் ஏறிவர முடியுமா என்பவற்றைப் பொறுத்ததாகிவிடும்.

உங்கள் வழக்கத்தைப் போன்ற ஒரு வழக்கம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று இருக்கிறது. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில், ட்ரையாங்கிள் என்ற பெண்கள் மேல்சட்டைத் தொழிற்சாலை தீப்பிடித்தபோது 146 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். ஒன்பதாம் தளத்தில் இருந்த படிக்கட்டுக் கதவுகளில் ஒன்று பூட்டியிருந்தது. தொழிலாளர்கள் துணியைத் திருடிவிடக் கூடாது, எல்லோரும் ஒரே வழியாகப் போகும்போது பைகளைச் சோதித்து அனுப்ப வேண்டும் என்பதுதான் அப்படிப் பூட்டிவைத்ததற்கான காரணம். அன்றைய தினம் பாதுகாக்கப்பட்ட துணியின் மதிப்பு என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் நாட்டிலும் விதி தெளிவாகவே இருக்கிறது. வெளியேறும் கதவு எந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்காக வைக்கப்பட்டதோ, அந்தப் பக்கத்திலிருந்து சாவி இல்லாமல் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. பட்டறை சிறியதாயிற்றே, எந்தச் சட்டம் எத்தனை பேருக்குப் பொருந்தும் என்று எண்ணிக்கையைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பதில் பொருளில்லை. புகைக்கு அந்தக் கணக்கு தெரியாது.

இனி வெள்ளிக்கு வருவோம். உங்கள் கேட் உள்ளே வருபவரைத் தடுக்க வேண்டும், உள்ளிருந்து போகிறவரைத் தடுக்கக் கூடாது. இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. வெளிப்புறம் சாவித் துளையும் உட்புறம் கையால் திருகும் குமிழும் உள்ள பூட்டு எல்லாக் கடைகளிலும் கிடைக்கிறது. அதை கேட்டில் பொருத்துங்கள். உங்களுடையது கம்பி கேட் என்பதால், வெளியே நிற்பவர் கம்பிகளுக்கு நடுவே கையை விட்டுக் குமிழைத் திருக முடியும். ஆகவே பூட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் இரண்டு அடிக்கு இரும்புத் தகடு வைத்துப் பற்றவைத்துவிடுங்கள். தகடு சிறியதாக இருந்தால் நீளமான கை எட்டிவிடும், பற்றவைப்பவர் தகட்டை மிச்சம் பிடிக்கப் பார்ப்பார், அனுமதிக்காதீர்கள். கேட் திறந்தால் கீழே கடையில் மணி ஒலிக்கும்படி ஒரு காந்தத் தொடர்பு உணர்வியையும் பொருத்திக்கொண்டால், யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வெளியே போகலாம், ஆனால் யாரும் அறியாமல் போக முடியாது என்ற நிலை வந்துவிடும். உங்களுக்கு வேண்டியதும் அதுதானே.

பூட்ட வேண்டியது மனிதர்கள் இருக்கும் அறையை அன்று, வெள்ளி இருக்கும் இடத்தை. கட்டி வெள்ளியையும் முடிந்த சரக்கையும் தரையோடு போல்ட் போட்ட இரும்புப் பெட்டியிலோ தனிச் சிற்றறையிலோ வைத்து, அதை இரண்டு சாவிகள் சேர்ந்தால்தான் திறக்கும்படி செய்து, ஒன்றை நீங்களும் மற்றொன்றை மேஸ்திரியும் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒவ்வொருவருக்கும் எடை போட்டுக் கொடுத்து, மாலையில் வேலைப்பாட்டையும் அரப்பொடியையும் சேர்த்து எடை போட்டு வாங்கி, சேதாரத்தை அவரவர் கணக்கில் எழுதும் முறை உங்கள் தொழிலில் ஏற்கெனவே உண்டு. சில மாதங்களின் சேதாரக் கணக்கை ஒருவர் பெயருக்கு நேராக ஒருவர் பெயரை வைத்துப் பார்த்தால் தெரியவரும் விஷயம், பூட்டிய கேட்டினால் ஒருநாளும் தெரியவராது. வெளியே போகும்போது சோதனை வேண்டுமென்றால் அது உரிமையாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே நடக்கட்டும். சிலருக்கு மட்டும் என்றால் அதன் பெயர் சோதனை அன்று, அவமானம்.

கேள்வி: ஐந்து ரோடு பகுதியில் எங்கள் கணக்குத் தணிக்கை அலுவலகம் இருக்கிறது. கண்ணாடிக் கதவில் 600 பவுண்டு மேக்னடிக் லாக் போட்டு, அட்டை காட்டினால் திறக்கும்படி செய்திருக்கிறோம். கதவைச் சற்று ஓங்கி இழுத்தால் அட்டை இல்லாமலே திறந்துகொள்கிறது. மாதாந்திர மின்தடை நாளில் பிற்பகலுக்கு மேல் பூட்டே வேலை செய்வதில்லை. பொருத்தியவரைக் கேட்டால் 1200 பவுண்டு பூட்டு வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?
– அலுவலக மேலாளர், சேலம்

பதில்: அவசரப்பட்டு வாங்காதீர்கள். 600 பவுண்டு என்பது ஏறத்தாழ 272 கிலோ பிடிப்பு விசை. ஒருவர் ஒரு கையால் இழுத்து அதைப் பிரித்துவிட முடியாது. பிரிகிறது என்றால் பூட்டின் முழு விசை உங்களுக்குக் கிடைக்கவில்லை என்று பொருள். அதே முறையில் பொருத்தினால் 1200 பவுண்டு பூட்டும் இதேபோல் ஏமாற்றும்.

முதலில் கதவின் மேல்பக்கத்தில் இருக்கும் இரும்புத் தகட்டைப் பாருங்கள். பொருத்துபவர்கள் ஆர்மேச்சர் பிளேட் என்பார்கள். கதவுச் சட்டத்தில் இருக்கும் மின்காந்தம் இந்தத் தகட்டைத்தான் பிடித்துக்கொள்கிறது. நடுவே ஒரு போல்ட்டும் அதற்குப் பின்னால் ரப்பர் வாஷரும் இருக்க, தகடு விரலால் அசைத்தால் சிறிது ஆடும்படி விடப்பட வேண்டும். கதவு ஒவ்வொரு முறையும் மயிரிழை அளவு வேறுபட்டே வந்து நிற்கும். தகடு ஆடினால்தான் அது தானாகச் சாய்ந்து காந்தத்தின் முகத்தோடு முழுப் பரப்பும் ஒட்டப் படியும். "ஆடுகிறதே" என்று எண்ணி போல்ட்டை இறுக்கிவிடுவதும், ரப்பர் வாஷரைப் பொட்டலத்திலேயே விட்டுவிடுவதும் நம் ஊரில் நான் மிக அதிகமாகக் காணும் கோளாறுகள். இறுக்கிய தகடு ஒரு மூலையில் மட்டும் தொட்டு நிற்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளியிலேயே பிடிப்பு விசையின் பெரும்பகுதி போய்விடும். போல்ட்டைச் சற்றுத் தளர்த்திப் பார்த்தாலே உங்கள் சிக்கல் தீர்ந்துவிட வாய்ப்பு அதிகம். இரு முகங்களிலும் படிந்த தூசி, பெயிண்ட் துளி, ஒட்டுக்காகிதப் பசை ஆகியவற்றை மென்மையான துணியால் துடைத்தெடுங்கள். உப்புத்தாள் போடாதீர்கள், மேற்பூச்சு போய்த் துரு ஏறும்.

அடுத்தது மின்னழுத்தம். பூட்டு வேலை செய்யும்போது, அதன் முனைகளிலேயே மீட்டரை வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். மின்வழங்கிப் பெட்டியில் அளந்து காட்டுவது போதாது. இணைய இணைப்புக்கான கேபிளில் மீந்திருக்கும் ஒரு ஜோடிக் கம்பியைப் பூட்டுக்குப் பயன்படுத்துவது பலருடைய பழக்கம். மெல்லிய அந்தக் கம்பியில் முப்பது மீட்டர் தூரத்துக்கு அரை ஆம்பியர் மின்சாரத்தை அனுப்பினால், போக வர அறுபது மீட்டரில் ஏறக்குறைய 2 வோல்ட் வழியிலேயே இழந்துபோகும். 12 வோல்ட் பூட்டுக்கு 10 வோல்ட்தான் போய்ச் சேரும். பூட்டுக்குத் தனியாகத் தடித்த கம்பி இழுப்பதே முறை. 12, 24 வோல்ட் இரண்டிலும் இயங்கும் பூட்டானால் உள்ளே உள்ள சிறு இணைப்புத் துண்டு தவறுதலாக 24 வோல்ட்டுக்கான இடத்தில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

மின்தடை நாள் விஷயம் எளிய கணக்கு. உங்கள் பெட்டியில் இருப்பது அநேகமாக 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி. பூட்டு அரை ஆம்பியரும், கட்டுப்பாட்டுக் கருவியும் அட்டை வாசிப்பானும் சேர்ந்து கால் ஆம்பியரும் எடுக்கின்றன என்று கொண்டால், புத்தம் புதிய பேட்டரியே காகிதக் கணக்கில் ஒன்பது மணி நேரம்தான் வரும். நடைமுறையில் அதைவிடக் குறையும். காலை 9 மணிக்குப் போன மின்சாரம் மாலை 5 மணிக்கு வரும் நாளில், இரண்டு மூன்று ஆண்டுகள் பழகிய பேட்டரி மதியச் சாப்பாட்டு நேரத்தைத் தாண்டாது. பேட்டரியைப் பெரிதாக்குங்கள், அல்லது அலுவலக இன்வெர்ட்டரிலிருந்து இப்பெட்டிக்கு ஒரு இணைப்புக் கொடுங்கள். வாங்கிய தேதியைப் பேட்டரியின் மேலேயே எழுதி ஒட்டிவையுங்கள்.

ஆனால் மின்சாரம் போனால் இந்தப் பூட்டு திறந்துகொள்வதை ஒரு குறையாக நினைக்க வேண்டாம். மின்காந்தப் பூட்டின் இயல்பே அதுதான். தீ விபத்தில் மின்சாரம் துண்டிக்கப்பட்டால் உள்ளிருப்பவர்கள் சிக்கிக்கொள்ளக் கூடாது என்பதனால்தான் ஆள் நடமாட்டமுள்ள வழிகளில் அதை வைக்கிறோம். இரவில் அலுவலகத்தைக் காப்பது அதன் வேலையன்று. கடைசியாகப் போகிறவர் உள்ளே ஒருவரும் இல்லை என்று பார்த்துவிட்டுக் கண்ணாடிக் கதவின் அடியில் உள்ள சாவிப் பூட்டையும், வெளியே ஷட்டர் இருந்தால் அதையும் பூட்டிச் செல்ல வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உட்புறம் இருக்கும் வெளியேறும் பொத்தானை அழுத்தினால் கட்டுப்பாட்டுக் கருவிக்குச் செய்தி போய், அது பூட்டுக்கான மின்சாரத்தை நிறுத்துகிறது. கருவி உறைந்து நின்றுவிட்டால் பொத்தானும் பயனற்றுப் போகும். ஆகவே கதவருகே பச்சை நிற அவசரப் பெட்டி ஒன்றும் இருக்க வேண்டும். அதன் கம்பி கருவியின் வழியாகப் போகாமல், பூட்டுக்குப் போகும் மின்சாரத்தையே நேரடியாகத் துண்டிப்பதாக இருக்க வேண்டும். தீ எச்சரிக்கை அமைப்பு இருந்தால் அதையும் இப்படியே இணைக்க வேண்டும். இதைச் சோதிக்க எளிய வழி: கட்டுப்பாட்டுக் கருவியின் இணைப்பை மட்டும் பொருத்தியவர் பிரித்துவைக்கட்டும், பூட்டு பிடித்திருக்கும்போதே பச்சைப் பெட்டியை இயக்குங்கள், கதவு விடுபட்டால் சரி. கருவி என்று நான் சொல்வது உங்கள் கதவுக்கு வெளியே அட்டை காட்டும் பெட்டியாகவே இருக்குமானால் அதுவும் மாற்ற வேண்டியதே. பூட்டைத் திறக்கும் ரிலே என்ற மின்விசை வெளிச்சுவரில் இருந்தால், பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றத் தெரிந்தவருக்கு அட்டையே வேண்டாம். வாசிப்பான் வெளியேயும், கட்டுப்பாட்டுக் கருவி உள்ளேயும் தனித்தனியாக இருப்பதையே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் எண்பது பேர். எல்லோருக்கும் அட்டை இருந்தும், ஒருவர் அட்டை காட்டிக் கதவைத் திறந்தால் பின்னால் ஐந்தாறு பேர் உள்ளே வந்துவிடுகிறார்கள். கண்டித்தால் மரியாதையில்லாதவள் என்று பெயர் வருகிறது. வேலையை விட்டுப் போன ஒருவர் தன் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனாலும் அவருடைய எண்ணில் கதவு திறந்ததாகப் பதிவு காட்டுகிறது. இது எப்படி?
– மனிதவள அலுவலர், சூரமங்கலம்

பதில்: இரண்டாவதை முதலில் பார்த்துவிடுவோம். உங்கள் அட்டை 125 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்கும் பழைய வகையாக இருக்கக்கூடும். அதில் எண் ஒன்று மட்டுமே இருக்கிறது. வாசிப்பான் அருகே கொண்டுபோனதும் கேட்பவர் யார் என்று பார்க்காமல் அந்த எண்ணைச் சொல்லிவிடும். தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் மறையாக்கம் எதுவும் இல்லை. நகல் எடுக்கும் கருவி மலிவு, அட்டையைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்பே நகல் எடுத்து வைத்திருக்க முடியும். உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துகொள்ள என்.எஃப்.சி. வசதியுள்ள கைபேசியின் பின்புறத்தில் அட்டையை வையுங்கள். கைபேசி 13.56 மெகாஹெர்ட்ஸில்தான் பேசும். எந்தச் சலனமும் இல்லையென்றால் அது பெரும்பாலும் பழைய வகை. சலனம் இருந்தாலும் முழு நிம்மதி வேண்டாம்: அந்த அதிர்வெண்ணில் பெருவழக்காக இருக்கும் மைஃபேர் கிளாசிக் அட்டையின் மறையாக்கம் 2008-லேயே உடைக்கப்பட்டுவிட்டது. ஏ.இ.எஸ். மறையாக்கம் உள்ள டெஸ்ஃபயர் வகை அட்டைகளைப் புதிதாக வாங்கும்போது கேளுங்கள், விலை கூடுதல்தான்.

ஆனால் உங்கள் நிறுவனத்தில் நடந்ததற்கு அட்டை மட்டும் பொறுப்பன்று. பணியிலிருந்து நின்றவரின் எண் கணினியில் இன்னும் உயிரோடு இருப்பது ஏன்? அட்டையை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டதோடு வேலை முடிந்துவிட்டதாக நினைத்திருக்கிறார்கள். கணக்கு முடிக்கும் படிவத்தில் சம்பள பாக்கிக்கு மேலே ஒரு வரி சேருங்கள்: கதவு எண் நீக்கப்பட்டது, நீக்கியவர் கையொப்பம், நேரம். இந்த வரி நிரம்பாமல் காசோலையில் கையெழுத்து விழக் கூடாது. பழைய எண்ணில் கதவைத் திறந்தவர் யார் என்று அந்த நேரத்துக் கேமராப் பதிவை எடுத்துப் பார்ப்பதையும் இன்றைக்கே செய்யுங்கள்; பதிவுகள் சில வாரங்களில் தாமாகவே அழிந்து அவற்றின் மேல் புதியவை ஏறிவிடும்.

முதல் கேள்வி கடினமானது. பின்னால் வருபவரின் முகத்தில் கதவைச் சாத்துவது எந்த ஊரிலும் மரியாதைக் குறைவே. சக ஊழியரைக் காவல்காரராக்கும் ஏற்பாடு நீடித்ததாக நான் கண்டதில்லை. எனவே அந்தச் சுமையை மனிதர்களிடமிருந்து எடுத்துவிடுங்கள். வருகைப் பதிவை இதே கதவின் அட்டைப் பதிவோடு இணைத்துவிட்டால், தன் வருகை பதிவாக வேண்டும் என்பதற்காகவே ஒவ்வொருவரும் நின்று அட்டை காட்டிவிட்டு வருவார்கள். உள்ளே வந்த பதிவு இல்லாத அட்டை வெளியேறும் பதிவைக் கேட்டால் மறுக்கும் வசதி உங்கள் மென்பொருளில் இருக்கும், ஆனால் அதை அலுவலக உட்கதவுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கட்டடத்தை விட்டு வெளியேறும் கதவில் அட்டை கேட்டு மறுக்கும் ஏற்பாடே கூடாது. கதவு இருபது விநாடிக்கு மேல் திறந்தே இருந்தால் ஒலியெழுப்பும்படி அமைப்பதும் பயன் தரும். அப்போதும் கதவு சாத்தாமல் நின்றால், கதவைத் தானாக மூடும் குளோசரைப் பாருங்கள்: பல இடங்களில் கடைசி ஒரு சாண் தூரத்தில் கதவு தயங்கி நின்றுவிடும், கடைசிக்கட்ட வேகத்துக்கான திருகைச் சிறிதளவு திருப்பினால் போதும், எண்ணெய் கசிந்திருந்தால் திருப்பிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். காகிதத்தை மடித்துக் கதவிடுக்கில் செருகி வைப்பவரைக் கண்டிப்பதற்கு முன், அவர் ஏன் அப்படிச் செய்கிறார் என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் தேநீர், அல்லது வெளியே இருக்கும் கழிப்பறை.

கேள்வி: எங்கள் ஜவ்வரிசி ஆலையில் கைரேகை வைத்தால் கிடங்குக் கதவு திறக்கும்படி செய்தோம். கிழங்கு கழுவும் பகுதியில் வேலை செய்பவர்களின் ரேகையை எந்திரம் ஏற்பதே இல்லை. எந்திரம் மட்டமானதா?
– ஆலை மேற்பார்வையாளர், ஆத்தூர்

பதில்: எந்திரத்தைக் குறை சொல்ல மாட்டேன். நாள் முழுவதும் நீரிலும் மாவுப்பாலிலும் ஊறிய விரல் நுனி சுருங்கி வெளுத்துவிடுகிறது. வறண்ட பிறகு தோல் உரிகிறது. கல்லுடைப்பவர், சிமெண்டு கலப்பவர், வெள்ளிக்கு மெருகு ஏற்றுபவர் எல்லோருக்கும் இதுவே நிலை. ரேகையின் மேடு பள்ளங்கள் தேய்ந்த விரலிலிருந்து எந்த எந்திரமும் தெளிவான பதிவை எடுக்க முடியாது. ஏற்கவில்லை என்று, ரேகை எவ்வளவு பொருந்தினால் போதும் என்ற ஏற்பு அளவைத் தளர்த்திவிடுவார்கள். அப்படிச் செய்தால் உரியவரோடு சேர்த்து உரியவர் அல்லாதவரையும் எந்திரம் ஏற்கத் தொடங்கும். அதைச் செய்ய விடாதீர்கள்.

வேலை தொடங்கும் முன், கை காய்ந்திருக்கும்போது, ஒவ்வொருவருக்கும் இரு கைகளிலிருந்தும் இரண்டிரண்டு விரல்களைப் பதிவு செய்யுங்கள். அதிகம் தேயாத மோதிர விரல் உதவும். அப்படியும் ஏற்காத சிலருக்கு அட்டை கொடுத்துவிடுங்கள், அதில் குறைவு ஒன்றுமில்லை. உண்மையில் கிடங்குக் கதவுக்கு எல்லாத் தொழிலாளர்களின் ரேகையும் எதற்கு என்பதே என் கேள்வி. உள்ளே போக வேண்டியவர் நான்கைந்து பேர் என்றால் அவர்களுடையதை மட்டும் பதிவு செய்யுங்கள். கடவுச்சொல் வெளியே தெரிந்துவிட்டால் மாற்றிக்கொள்ளலாம், விரலை மாற்ற முடியாது. தேவைக்கு மேல் சேர்த்துவைப்பது உங்களுக்கும் சுமை. பயன் முடிந்த தனிநபர் தரவை அழித்துவிட வேண்டும் என்பது 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று, எனவே வேலையை விட்டுப் போனவரின் ரேகைப் பதிவையும் அன்றே நீக்குங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எங்களுக்குக் காபித் தோட்டம். காய்ந்த காபியும் மிளகும் வைக்கும் பழைய குடோனுக்குத் தேக்கு மரத்தாலான இரட்டைக் கதவு, கொண்டி, நாட்டுப் பூட்டு. மகன் எலக்ட்ரானிக் பூட்டு போடச் சொல்கிறான். மூடுபனிக்கும் இடிக்கும் அது தாங்குமா?
– தோட்ட உரிமையாளர், ஏற்காடு

பதில்: மகன் நல்லெண்ணத்தோடு சொல்கிறார், ஆனால் உங்கள் குடோனுக்கு அது வேண்டாம் என்பதே என் கருத்து. நாளுக்கு இருமுறை திறந்து மூடும் கதவு அது; யார் எப்போது வந்தார் என்று பதிவு வைக்க வேண்டிய அளவுக்கு ஆள் நடமாட்டம் இல்லை. 1,500 மீட்டர் உயரத்தில் மாதக்கணக்கில் ஈரம் படியும் இடத்தில் விரல் வைக்கும் கண்ணாடியின் மேல் பனித்துளி நிற்கும், மின்னிணைப்பு முனைகளில் பச்சைக் களிம்பு ஏறும். அதைவிடப் பெரிய அபாயம் பங்களாவிலிருந்து குடோன் வரை நீங்கள் இழுக்க வேண்டிய நீண்ட கம்பி. அருகில் எங்கேயோ இடி விழுந்தாலும் அந்தக் கம்பியில் எழும் மின்னழுத்தம் இரு முனைகளிலும் உள்ள கருவிகளைக் கருக்கிவிடும்.

அந்தப் பணத்தைக் கதவுக்கே செலவிடுங்கள். கொண்டியைப் பிடித்திருக்கும் திருகுகளின் தலை வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பூட்டு எத்தனை உறுதியானதாக இருந்தும் பயனில்லை, திருப்புளி வைத்திருப்பவர் பூட்டைத் தொடாமலே உள்ளே போவார். வழவழப்பான குவிந்த தலையுடைய போல்ட்டுகளைக் கதவின் முழுக் கனத்துக்கும் ஊடுருவச் செலுத்தி, உள்பக்கம் வாஷரும் நட்டும் போட்டு இறுக்குங்கள். பிறகு கீல்கள். பழைய குடோன்களில் கதவு வெளியே திறக்கும், கீலின் ஆணி வெளியே நிற்கும்; ஆணியைத் தட்டியெடுத்தால் கதவு பூட்டோடு சேர்ந்தே கழன்று வரும். கீல் பக்கத்து விளிம்பில் இரண்டு இடங்களில் எஃகுக் கம்பியை நீட்டி வைத்து, கதவு மூடியதும் அது நிலையில் உள்ள துளைக்குள் போய் அமரும்படி தச்சரைச் செய்யச் சொல்லுங்கள். கீலையே அறுத்தாலும் கதவு அசையாது. இரட்டைக் கதவின் முதல் பலகைக்கு மேலும் கீழும் தாழ்ப்பாள் உள்ளே நன்றாக இறங்குகிறதா என்பதையும் பாருங்கள், மழைக்காலத்தில் மரம் உப்பித் துளை விலகியிருக்கும்.

பூட்டைப் பொறுத்தவரை, வளையம் பெரும்பாலும் உடலுக்குள்ளேயே மறைந்திருக்கும் வகையை வாங்குங்கள்; வெட்டுக் கத்திக்குப் பிடி கிடைக்காது. பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் மலையில் நல்லதன்று. 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துபோகும், மார்கழி விடியலில் சாவி நுழையாமல் கல்லால் தட்டுவீர்கள். கிராஃபைட் பொடியைச் சிறிது ஊதிவிடுங்கள். இறுதியாக ஒன்று: பாதுகாப்பு என்ற பெயரில் காற்று வரும் சாளரங்களைத் தகடு வைத்து அடைத்துவிடாதீர்கள். காபி சுற்றியிருக்கும் ஈரத்தையும் வாடையையும் இழுத்துக்கொள்ளும். திருடன் தொடாத மூட்டை பூஞ்சணம் பிடித்துப் போவதில் என்ன லாபம்? சாளரத்துக்கு உள்பக்கமாகக் கம்பிவலை அடித்தால் போதும். இத்தனைக்கும் மேல் மகனுக்கு ஆசை இருந்தால், பேட்டரியில் இயங்கிக் கதவு திறந்தால் கைபேசிக்கு அழைப்பு அனுப்பும் சிறு கருவி ஒன்றைக் குடோனுக்குள் வைக்கட்டும். நீளக் கம்பி தேவையில்லாத சாதனம் அது. உங்கள் தோட்டத்தின் அந்த மூலையில் சிக்னல் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இரவுக் காவலரிடம் எல்லா அறைச் சாவிகளையும் கொடுத்துவைக்கலாமா?
– பள்ளி நிர்வாகி, அம்மாப்பேட்டை

பதில்: வேண்டாம். வெளி கேட்டின் சாவியும், தீ நேரத்தில் திறக்க வேண்டிய பொதுவழிகளின் சாவியும் அவரிடம் இருக்கட்டும். அலுவலகம், ஆய்வகம், கணினி அறை ஆகியவற்றின் சாவிகளை, உடைத்தால் தெரியும்படி எண்ணிட்ட முத்திரை போட்ட பெட்டியில் வைத்து, பெட்டியை அவர் பொறுப்பில் விடுங்கள். அவசரத்தில் உடைத்துக்கொள்ளலாம், காலையில் காரணம் எழுத வேண்டும். காவலர் ஏஜென்சி மூலம் வந்தவராக இருந்தால், அந்த ஏஜென்சிக்கு 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் உரிமம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒப்பந்தம் போடுங்கள்.

கேள்வி: சாவியில் 'நகல் எடுக்கக் கூடாது' என்று பொறித்துக் கொடுக்கிறார்களே, அது போதுமா?
– துணிக்கடை மேலாளர், சேலம்

பதில்: போதாது. அந்த எழுத்து யாரையும் கட்டுப்படுத்துவதில்லை. பொருந்தும் வெட்டாத சாவித் துண்டு கிடைத்தால் சாலையோரத்தில் சில நிமிடங்களில் அறுத்துக் கொடுத்துவிடுவார்கள். வெட்டாத சாவித் துண்டை வெளியே விற்காமல், பதிவு செய்த உரிமையாளரின் அட்டையைக் காட்டினால்தான் நிறுவனமே சாவி செய்து கொடுக்கும் வகைப் பூட்டுகள் இருக்கின்றன. பணப்பெட்டி அறைக்கும் இருப்பு அறைக்கும் அவற்றைப் போடுங்கள். மற்றக் கதவுகளுக்குச் சாதாரணப் பூட்டே போதும், ஆனால் சாவி வைத்திருந்த ஒருவர் வேலையை விட்டுப் போனால், முழுப் பூட்டையும் மாற்றாமல் நடுவிலுள்ள சிலிண்டரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஒரே அளவில் இரண்டு சிலிண்டர்களைக் கையிருப்பில் வைத்துக்கொண்டால் அன்று மாலையே வேலை முடிந்துவிடும்.